முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரண்டு தலைமுறைகளுக்கு மேலாக வாழ்ந்த குடும்பம் எதுவாயினும், அதன் அலுமாரியில் குழந்தையொன்றின் ஸ்டூடியோப் படம் ஒன்றாவது இருக்கும். அல்லது ஒரு காலத்தில் இருந்திருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காலாவதியான கடவுச்சீட்டு ஆகியவற்றோடு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றினுள் அது வைக்கப்பட்டிருக்கும். சாயம் போன திரைச்சீலையின் முன்னால், பிரம்பு நாற்காலியில் அமர்த்தப்பட்ட ஒரு பிள்ளை. கன்னத்தில் ஒரு கரும்பொட்டு, அல்லது தலையில் ஒரு தொப்பி. இது யார் என்று வீட்டின் இளையவர்களைக் கேட்டால், "அப்பம்மாவின் ஆட்கள் யாரோ" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். முஸ்லிம் வீடுகளிலே, "உம்மம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்" என்பர்.

இந்த விடையைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்க விரும்புகின்றோம். கலவரங்களையும் இடப்பெயர்வுகளையும் ஆழிப்பேரலையையும் கடந்து ஒரு காகிதம் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் முகம் தெளிவாக இருக்கிறது. அந்த முகத்துக்கு உரிய பெயரோ, அதனை அறிந்த கடைசி மனிதரோடு போய்விடும் நிலையில் உள்ளது. இதனைத் தடுப்பது நமது கையில் இருக்கும் காரியம். அதற்கு முதலில் அப்படத்தை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்டூடியோவுக்குப் போகும் நாள்

1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டகேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அத்தொழில் கொழும்பிலும் காலூன்றிவிட்டது. 1860களில் ஸ்கீன் நிறுவனம், 1870களில் ஸ்கோவன் நிறுவனம், 1890இல் பிளாட்டே தம்பதியர் தொடங்கிய நிறுவனம் என ஐரோப்பியர் நடத்திய ஸ்டூடியோக்கள் இங்கே பெயர் பெற்றன. அக்காலத்தில் அங்கு சென்று படம் பிடித்துக்கொள்ளும் வசதி துரைமாருக்கும் உள்ளூர்ப் பிரபுக்களுக்கும் மட்டுமே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் செலவு குறையக் குறைய, நடுத்தர வர்க்கத்தினரும் சிறு வியாபாரிகளும் ஸ்டூடியோவின் படியேறத் தொடங்கினர். வீட்டுக்கொரு கமரா இல்லாத அந்தக் காலத்தில், பிள்ளையின் முகத்தைக் காகிதத்தில் வைத்திருக்க வேறு வழி இருக்கவில்லை.

எந்த நாளில் படம் எடுப்பது என்பதும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை ஒட்டியே அமைந்தது. தமிழர் வீடுகளில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பின்னர், முதலாவது பிறந்த தினத்தில், அல்லது விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கையோடு பிள்ளையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிச் செல்வர். கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கக் குடும்பங்களிலே, முதல் நற்கருணை பெற்ற பிள்ளை வெள்ளை உடையும் கையில் மெழுகுதிரியுமாக நிற்கும் படம் வழமையானது. முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் நாற்பதாம் நாள் முடிந்த பின்னர், அல்லது கத்னா வைபவத்தின்போது அலங்கரிக்கப்பட்ட சிறுவனைப் படம் எடுத்து வைத்தனர். ஆகவே, ஒரு குழந்தையின் படத்தைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இது எந்த நாள்?" என்பதேயாகும். உடையும் கையிலுள்ள பொருளும் பெரும்பாலும் அதற்குப் பதில் கூறிவிடும்.

படம் கூறும் செய்திகள்

அடுத்து, பிள்ளையின் கண்களைப் பார்ப்போம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். கருவிழியில் சிறு வெண்புள்ளி ஒன்று தெரியும். அது சதுரமாக இருந்தால், சாளரத்தின் வழியாக வந்த பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கப்பட்டிருக்கலாம். இரண்டு புள்ளிகள் தெரிந்தால், இருபுறமும் மின்விளக்குகள் வைக்கப்பட்டிருந்தன என்று கொள்ளலாம். பல தசாப்தங்களுக்கு முன்னர் இடிக்கப்பட்டுவிட்ட ஓர் அறையின் சாளரம், ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது.

கண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. சின்னஞ்சிறு பிள்ளைகள் கமராவை நேராகப் பார்ப்பது அரிது. கமராவுக்குப் பக்கத்தில் நின்று கிலுக்கட்டையை ஆட்டியவரையோ, கைதட்டிக் கூப்பிட்டவரையோதான் அவை பார்க்கும். அவர் தாயாகவோ தந்தையாகவோ தாய்மாமனாகவோ இருக்கலாம். படத்தில் அவர் இல்லை. ஆயினும் பிள்ளையின் பார்வை அவர் நின்ற இடத்தை நமக்குக் காட்டித்தருகிறது.

சில படங்களில் திரைச்சீலையின் ஓரத்தில், குழந்தையின் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஒரு கையின் நுனி தெரியும். ஒளிப்படக் கலையின் ஆரம்ப காலத்தில் பல விநாடிகள் அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாக வரும். எனவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாயைத் துணியால் முழுவதுமாகப் போர்த்தி, நாற்காலி போல் அமரச்செய்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் பிடித்தனர். விரைவாகப் படம் பிடிக்கும் தகடுகளும் பிலிம்களும் வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. ஆயினும் இருக்கப் பழகாத பிள்ளையை யாராவது பிடித்துக்கொண்டுதானே ஆகவேண்டும்? அந்தக் கை யாருடையது என்பதையும் கேட்டுவைப்பது நல்லது.

இவ்வாறு கூர்ந்து பார்க்கும்போது, படம் நம்மை ஏமாற்றக்கூடிய இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். மரக்குதிரை, பொம்மைக் கார், விளையாட்டுத் தொலைபேசி, சில வேளைகளில் காலிலுள்ள சப்பாத்துக்கூட ஸ்டூடியோவுக்குச் சொந்தமானவையாக இருக்கும். அவற்றைக் கொண்டு அக்குடும்பம் செல்வச் செழிப்போடு வாழ்ந்தது என்று முடிவுகட்டலாகாது. நிறங்களும் அவ்வாறே. பழைய தகடுகளும் பிலிம்களும் பலவும் சிவப்பு நிறத்தை உணரும் தன்மை அற்றவை. அவற்றில் சிவப்புச் சட்டை கறுப்பாகவே விழும். கரும்பொட்டு என நாம் நினைப்பது குங்குமமாகவும் இருக்கலாம். துக்கத்துக்கு அணிந்த கறுப்பு என நாம் எண்ணும் உடை, பெருநாளுக்கு வாங்கிய சிவப்புப் பட்டாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. முடி இறக்குவதற்கு முன்னர் ஆண் குழந்தைக்குப் பெண்பிள்ளையின் சட்டை அணிவித்து, தலைமயிரைப் பின்னிப் பூச்சூட்டிப் படம் எடுத்து மகிழும் வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இருந்தது. "அழகான பெண்பிள்ளை" என்று பேரப்பிள்ளைகள் வியக்கும் படம், பிற்காலத்தில் மீசையோடு கந்தோருக்குப் போய்வந்த பாட்டனாருடையதாக இருந்துவிடலாம். உடை, நிறம், பொருள் என எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னரும், ஆணா பெண்ணா என்பதைக்கூட ஒரு படம் உறுதியாகக் கூறாமல் விடலாம். அதனைக் கூறுவதற்குப் பெயர் வேண்டும்.

பெயருக்காகப் படத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் ஸ்டூடியோவின் இறப்பர் முத்திரையும் ஓர் இலக்கமும் இருப்பதைக் காண்கிறோம். அது நெகட்டிவின் இலக்கம். மேலும் பிரதிகள் தேவைப்பட்டால் அந்த இலக்கத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்பதற்காக இடப்பட்டது. ஸ்டூடியோவின் பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்த ஸ்டூடியோ மூடப்பட்டுவிட்டால், அல்லது எரிந்துவிட்டால், பதிவேடும் போய்விடும். நமது கையில் எஞ்சுவது ஓர் இலக்கம் மட்டுமே.

பெயரின்றிப் பிடிக்கப்பட்டவர்கள்

பெயர் தொலைந்துபோன படங்கள் ஒரு வகை. பெயரே கேட்கப்படாமல் எடுக்கப்பட்ட படங்கள் இன்னொரு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் கொழும்பின் ஐரோப்பிய ஸ்டூடியோக்கள், கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கு விற்பதற்காக உள்ளூர் மக்களின் படங்களைத் தயாரித்தன. பின்னர் அவை தபால் அட்டைகளாகவும் அச்சிடப்பட்டன. "தமிழ்ப் பெண்", "சோனகர்" என்ற வகையான தலைப்புகளே அவற்றின் கீழ் இடப்பட்டன. நகை பூட்டி, ஸ்டூடியோவின் தூணருகே நிறுத்தி, ஒளியைச் சரிபார்த்து, மிகுந்த கவனத்தோடு எடுக்கப்பட்ட படங்கள் அவை. முகத்தின் ஒவ்வொரு ரேகையும் தெரிகிறது. எழுதப்பட்டிருப்பதோ இனம் மட்டுமே. இந்தியாவிலும் அக்காலத்தில், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக, மக்களைச் சாதி வாரியாகவும் குல வாரியாகவும் வகுத்த படத்தொகுப்பொன்றை ஆங்கிலேய அரசு வெளியிட்டிருந்தது.

ஒரே கலைஞர் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். ஜூலியா மார்கரெட் கமரன் உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். 1864 ஜனவரியில் இங்கிலாந்திலே அவர் ஒரு சிறுமியின் உருவப்படத்தை எடுத்து, அதுவே தமது முதல் வெற்றி எனக் குறித்து வைத்தார். அச்சிறுமியின் பெயர் ஆனி. நூற்றாண்டு கடந்தும் அப்படத்தைப் பார்ப்போர் அவளைப் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் மலையகத்திலே காலமானார். களுத்துறையில் வாழ்ந்த காலத்தில், 1878ஆம் ஆண்டளவில், உள்ளூர்க் குடியானவர் மூவரை ஒன்றாக நிறுத்தி அவர் எடுத்த படமொன்று உண்டு. நடுவில் நிற்பவள் ஒரு சிறுமி. அவளுக்கு வயது பன்னிரண்டு என்றும், அருகில் நிற்கும் முதியவர் தாமே அவளின் தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் கூறுவதாகவும் படத்தோடு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. வயது கேட்கப்பட்டது, உறவும் கேட்கப்பட்டது. பெயர் மட்டும் எழுதப்படவில்லை. கமரனின் கலைத்திறனையும் அவர் மனிதர் மீது கொண்டிருந்த பரிவையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்துச் சிறுமிக்குக் கிடைத்தது களுத்துறைச் சிறுமிக்குக் கிடைக்கவில்லை என்பது வரலாறு.

தொலைந்த வீடுகள்

காலனித்துவக் காலத்தில் பெயரைக் கேட்காமல் விட்டவர்கள் அந்நியர். சுதந்திரத்தின் பின்னர் நடந்தவற்றுக்கு அந்நியரைக் குறைகூற முடியாது. 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை, அடுத்த நாட்களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படத் தமிழர் வாழ்ந்த பகுதிகள் எங்கும் பரவியது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகள் இனங்காணப்பட்டமை பல அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. ஒரு பெயர் பட்டியலில் இருந்தமையே ஒரு வீடு எரிவதற்குக் காரணமாயிற்று. இரத்மலானை விமான நிலையத்திலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானோருள் பலர் உடுத்த உடையோடு வந்தவர்கள். அல்பத்தை எடுத்துவர யாருக்கு அவகாசம் இருந்தது? பின்னாளில் வீட்டுத் தளபாடங்களை மீண்டும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படத்தை மீண்டும் வாங்கிக்கொண்டவர் எவருமில்லை.

முஸ்லிம் மக்களின் அனுபவமும் இதனின்று வேறுபட்டதன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்தோருக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வீட்டுப் பொருள்கள் கைவிடப்பட்டன. புத்தளத்தின் முகாம்களிலும் கொழும்பிலும் வாழ்வைத் தொடங்கிய அந்தக் குடும்பங்கள் பலவற்றில், 1990க்கு முன் பிறந்த பிள்ளைகளின் குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லை. 1983இல் தமிழனுக்கு நேர்ந்ததும் 1990இல் முஸ்லிமுக்கு நேர்ந்ததும் வெவ்வேறு கைகளால் நிகழ்ந்தவை. எனினும் இரு வீட்டிலும் காலியாகக் கிடக்கும் அல்பப் பக்கம் ஒன்றே. இதனை ஒப்புக்கொள்ளாமல் இரு சமூகங்களும் ஒருவர் துயரத்தை மற்றவர் விளங்கிக்கொள்ள முடியாது.

பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, முல்லைத்தீவு என்று தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த கரையோரங்கள் அழிந்தன. எஞ்சிய சுவர்களின் அடியில் உப்பு நீரில் ஊறிய படங்களை எடுத்து வெயிலில் உலர்த்தியவர்கள் எத்தனை பேர்!

பெயரே ஆபத்தாக இருந்த காலமும் நமக்கு உண்டு. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தேசிய அடையாள அட்டையில் இனம் குறிக்கப்படுவதில்லை. பெயரும் பிறந்த இடமும் அதனைக் காட்டிக்கொடுத்தன. போர்க்காலத்தில் சோதனைக்கு அஞ்சித் தம் பிள்ளைகளின் படங்களைத் தாமே அடுப்பில் இட்ட தாய்மாரும் இருந்தனர். படத்தின் பின்புறத்தில் பெயர் எழுதாமல் விட்டமைக்கு மறதி மட்டும் காரணமன்று. அச்சமும் ஒரு காரணம்.

இன்று வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்திருப்பதன் பொருளை இந்தப் பின்னணியிலேயே நாம் காண வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். 2016இல் சட்டம் இயற்றப்பட்டு, 2018இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகமும் செயற்படத் தொடங்கியது. அந்தத் தாய்மார் கையிலுள்ள படங்களில் சில, அடையாள அட்டைக்காக எடுத்தவை. சில, பாடசாலைக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெருப்பித்தவை. படத்தோடு பெயர், வயது, காணாமல் போன நாள் யாவும் எழுதப்பட்டிருக்கும். முகமும் பெயரும் பிரியாதிருக்கும் வரை அந்தப் பிள்ளையைப் பற்றிய கேள்வி உயிரோடிருக்கும் என்பதை அவர்கள் நன்கறிவர்.

ஐரோப்பாவில் ஒரு படம்

பிரான்சிய அறிஞர் ரோலண்ட் பார்த், தம் தாய் இறந்த பின் அவரின் பழைய படங்களைப் புரட்டினார். பல படங்களில் தாயின் சாயல் இருந்தும், அவரால் தாயை அடையாளம் காண முடியவில்லை. இறுதியில் 1898ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட, ஐந்து வயதுச் சிறுமியாகத் தாய் நிற்கும் ஒரு படத்திலேயே அவரைக் கண்டதாக, 1980இல் வெளியான தமது நூலில் கூறுகிறார். அந்த நூலின் பிற்பகுதி அப்படத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. எனினும் படத்தை அவர் அதில் வெளியிடவில்லை. தமக்கு உயிரான அது, பிறருக்கு ஆயிரம் படங்களுள் ஒன்றாகவே தோன்றும் என்பது அவர் கூறிய காரணம்.

பார்த் கூறியதில் உண்மை உண்டு. ஆயினும் நமது சூழ்நிலை அவருடையதினின்றும் வேறுபட்டது. பார்த்துக்குத் தாயின் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், ஊர் தெரியும். அவர் படத்தை மறைத்தபோதும் அந்தச் சிறுமி தொலைந்துவிடவில்லை. நம் வீடுகளிலோ படம் வெளியிலிருக்க, பிள்ளை தொலைந்துகொண்டிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறது, பெற்றோரின் இனமும் இருக்கிறது, முகம் இல்லை. படத்தில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இவ்விரண்டையும் இணைத்துவைத்திருப்பது வீட்டிலுள்ள முதியவரின் ஞாபகம் ஒன்றே.

ஒரு தயக்கம்

உருவப் படங்கள் குறித்து இஸ்லாமிய அறிஞர்களிடையே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு நிலவி வருவதை நாம் அறிவோம். கையால் வரையப்படும் உருவத்தையும் கமராவில் விழும் நிழலையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்று எகிப்தின் முப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முதீஈ போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வாதிட்டனர். அதனை ஏற்காதோரும் உள்ளனர். ஆகவேதான் பல முஸ்லிம் வீடுகளில் பிள்ளையின் படம் சுவரில் மாட்டப்படாமல் அலுமாரியினுள்ளே வைக்கப்பட்டது. அந்த உணர்வு மதிக்கப்பட வேண்டியது. படத்தைச் சுவரில் மாட்டுங்கள் என்று நாம் எவரையும் கேட்கவில்லை. இருக்கின்ற படத்தோடு பெயரையும் சேர்த்து வையுங்கள் என்பதே நமது வேண்டுகோள். வம்ச வழியைப் பேணுவதற்கு இஸ்லாம் கொடுக்கும் முக்கியத்துவத்தை முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. தமிழர்களிடையேயும், படம் எடுத்தால் ஆயுள் குறையும், கண்ணூறு படும் என்று அஞ்சிய பெரியோர் இருந்தனர். அந்த அச்சத்தையும் மீறி அவர்கள் எடுத்துவைத்த படங்களே இன்று நம்மிடம் உள்ளன.

செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டிலுள்ள மூத்தவரோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து படங்களைக் காட்டிக் கேட்பதாகும். பிள்ளையின் பெயர், வீட்டில் அழைத்த பெயர், தாய் தந்தையர், பிறந்த ஆண்டு, எந்த நாளுக்காக எடுக்கப்பட்டது, அப்போது குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். யார் கூறியது, எப்போது கூறியது என்பதையும் எழுத வேண்டும். உறுதியில்லாத இடத்தில் "இருக்கலாம்" என்றே எழுதுதல் நேர்மையானது. ஊகத்தை உண்மையாக எழுதிவைத்தால், பேரப்பிள்ளைகள் அதனையே வரலாறாகக் கொள்வர்.

இரண்டாவது, எழுதும் முறை. குமிழ்முனைப் பேனையால் படத்தின் பின்புறம் அழுத்தி எழுதினால், எழுத்தின் தடம் முன்புறத்தில் முகத்தின் மீதே தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரமாக, இலேசாக எழுதுவது நல்லது. பின்புறம் பிளாஸ்டிக் போல் வழவழப்பான பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனித்தனிக் காகித உறையில் இட்டு, படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னரே உறையின் மீது எழுதலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. கொழும்பின் கடற்காற்றும் ஈரலிப்பும் படங்களுக்குப் பகை. சட்டகத்தின் கண்ணாடியோடு நேரடியாக ஒட்டியிருக்கும் படம், ஈரத்தால் கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். அப்போது அதனைப் பிய்த்தெடுக்க முயலாமல், கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்க வேண்டும். பசை பூசிய பக்கங்களின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் அல்பங்கள் காலப்போக்கில் படத்தைக் கெடுத்துவிடும். லெமினேட் செய்வதும் தவறு. பின்னர் அதனைப் பிரிக்க இயலாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளி என்ற உலோகத்தால் ஆனது. முறையாகக் கழுவி எடுக்கப்பட்டிருந்தால் நூறாண்டும் நிற்கும். 1970களிலும் 80களிலும் வந்த வர்ணப் படங்களின் நிறம் சாயத்தால் ஆனது. அவை வெளிறியும் சிவந்தும் போகின்றன. எனவே அப்பம்மாவின் குழந்தைப் படத்துக்கு முன்னரே அம்மாவின் குழந்தைப் படம் அழிந்துவிடக்கூடும். முதலில் பிரதி எடுக்க வேண்டியது வர்ணப் படங்களையே.

நான்காவது, ஒரே வீட்டில் ஒரே பிரதியாக வைத்திராமல் பரப்பி வைத்தல். ஸ்கேன் செய்து, பெயரும் விபரமும் சேர்த்து, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள உறவினருக்கு அனுப்பிவைக்கலாம். 1983இல் எரிந்த படங்களின் பிரதிகள், அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்துக்கோ லண்டனுக்கோ கடிதத்தோடு அனுப்பப்பட்டிருந்ததால் மீண்டும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. இலங்கையின் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகளுக்கும், குடும்பத்தின் சம்மதத்தோடு இவற்றில் சிலவற்றை வழங்கலாம். ஊர்ச் சங்கங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதனை ஒரு பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுக்கும் காலத்தில் இத்தனை கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நூறு படங்களிலும் இலக்கம்தான் இருக்கிறது, பெயர் இல்லை என்பதே நமது பதில். ஸ்டூடியோவின் பதிவேடு அழிந்தபோது நேர்ந்தது, தொலைபேசி உடையும்போதும் நேரும்.

நமது பிள்ளைகளை "தமிழ்ப் பிள்ளை", "சோனகப் பிள்ளை" என்று மட்டும் எழுதி வைத்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அதே சொற்களைக் கொண்டே வீடுகளை எரித்தவர்களும், இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு விரட்டியவர்களும் பின்னர் வந்தார்கள். அவர்கள் எவரும் கேட்காத பெயரைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை நமக்கே உரியது. அதனைச் சொல்லக்கூடியவர் இன்னும் நம்மோடு இருக்கிறார். அவருக்கு எண்பது வயதாகிவிட்டது. பென்சிலை எடுத்துக்கொண்டு இன்று மாலையே அவரருகில் போய் அமர்வோமாக.